நாக்கின் முடிச்சும் நான்கு நிமிடமும்

ஒரு விடுகதை போடுகிறேன். எலும்பு கிடையாது. வீட்டில் நாள் முழுக்க ஓயாது. மேடையில் ஒலிவாங்கியைக் கண்டதும் தானாக முடிச்சு விழும். அது என்ன?

நாக்கு என்று சட்டெனச் சொன்னவர்கள், என்னைப் போலப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களாக இருப்பீர்கள். இல்லாவிட்டால், அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளாக இருப்பீர்கள். பேச்சு எழுதிக் கொடுப்பதும் கையசைவு பழக்குவதும் இந்த வேலையில் பாதிதான். மற்றப் பாதி, மேடைப் படிக்குப் பக்கத்தில் நடுங்கும் ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

அந்த முடிச்சுக்கு எங்களிடம் ஒரு துஆ இருக்கிறது. கொடுங்கோல் அரசன் பிர்அவ்னிடம் பேசப் போகுமுன் மூஸா நபி இறைவனிடம் கேட்டது. இறைவா, என் நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை இலேசாக்கு, என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் பேச்சை அவர்கள் விளங்கிக்கொள்ளட்டும் என்று பொருள் வரும். கற்பிட்டியில் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடம். மனப்பாடம் ஆன பிறகுதான் நாங்கள் படிக்க வேண்டியவை தொடங்கின.

எங்கே ஓதுவது

நான் முதன்முதலில் கூட்டிக்கொண்டு போன பிள்ளை ரிகாஸ். துஆவை எந்த இடத்தில் ஓத வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. அது என் பிழை. அவன் மேடையேறினான், கண்ணை மூடினான், ஒலிவாங்கியில் ஹம்து என்ற இறைபுகழ், ஸலவாத்து என்ற நபி வாழ்த்து எல்லாம் சொன்னான். பிறகு துஆவை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதினான். கேட்பதை மூன்று தரம் கேட்க வேண்டும் என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். மூன்று தரமும் ஓதினான். சபையும் சேர்ந்து ஆமீன் சொன்னது.

அதற்குப் பிறகு நடுவர்களையும் அதிபர்களையும் பெற்றோரையும் ஒவ்வொருவராக விளித்து முடித்தான். "எங்கள் கடல்" என்று தலைப்பைச் சொல்லும்போது, நேரம் முடிந்ததென்று நான்காவது நிமிட மணி அடித்தது. நேரம் பார்த்தவர் பட்டியலோடு என்னிடம் வந்தார். "டீச்சர், புள்ள அழகா ஓதுறார். குர்ஆன் ஓதுற கிராஅத் போட்டி பக்கத்து மண்டபத்துல."

எவ்வளவு குடிப்பது

ஸஹ்ராவின் கதை இந்த வருடத்தது. ஐந்தாந் தரம். போன வருடம் மேடையேறி ஸலாம் சொன்னாள், அதோடு இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு "ஸலாம் ஸஹ்ரா" என்று பெயர். இந்தத் தடவையும் வாய் திறக்காவிட்டால் இனி எந்த மேடையிலும் ஏறமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் புத்தளத்துக்கு பஸ் ஏறினாள்.

அவளுடைய உம்மா விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு ஓதி ஊதிய தண்ணீரை ஒரு பெரிய போத்தலில் கொண்டுவந்திருந்தார். ஸஹ்ராவின் இலக்கம் ஏழு. ஓதிய தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று, ஐந்தாம் இலக்கம் பேசி முடிவதற்குள் முழுப் போத்தலையும் குடித்துவிட்டாள். ஆறாம் இலக்கம் பேசும்போது கால்மாறிக் கால்மாறி நின்றாள். நல்ல வேளையாக அதோடு தேநீர் இடைவேளை விட்டார்கள். அவள் ஓடிய திசையைப் பார்த்துக்கொண்டே, உடப்பிலிருந்து வந்து எங்களோடு படிப்பிக்கும் செல்வம் சேர் சொன்னார்: "ஒரு மிடறு குடிச்சாலும் அது ஓதின தண்ணிதானே டீச்சர்."

கேட்டது என்ன

திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்தாள். "டீச்சர், மூணு தரம் ஓதிட்டன். கை இன்னும் நடுங்குது. நான் பிழையா ஓதினனா?"

"பொருளச் சொல்லு," என்றேன். விரல் மடக்கி நான்கையும் சொன்னாள். "இதுல பயத்த எடுத்துவிடு எண்டு எங்க வருது?" மறுபடியும் விரல்களைப் பார்த்தாள். "வரல்ல," என்றாள். "பேச்சு விளங்கட்டும் எண்டுதான் வருது. கை நடுங்கினாலும் பேச்சு விளங்கும்."

இன்னொன்றையும் சொன்னேன். மூஸா நபி அந்த இடத்தோடு நிறுத்தவில்லை. என் சகோதரர் ஹாரூனையும் எனக்குத் துணையாக்கித் தா என்று சேர்த்தே கேட்டார். துணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கின் மறு அந்தத்தில், எட்டாம் இலக்க அட்டையைக் குத்திக்கொண்டு கனமூலை ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய பேச்சுத்தாள் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. நாங்கள் கதைத்ததையெல்லாம் கேட்டவள் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தாள். "எங்கட சேர் துஆவ மட்டும் தந்தார் டீச்சர். ஹாரூன் நபிய விட்டுட்டார்."

யார் நிற்பது

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸஹ்ரா பேசினாள். பேச்சின் மூன்றாம் பந்தியில் ஒரு தரம் நின்றாள், மூச்சு வாங்கினாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கை கடைசிவரை நடுங்கியது. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் பேச்சு விளங்கியது. மூன்றாம் இடம் கிடைத்தது. இனிச் சொல்லப்போவது அவள் மேடையேற இரண்டு நிமிடம் இருக்கும்போது நடந்தது.

மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் பிள்ளைக்கு ஒருவர் துணை நிற்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. இது போட்டி விதி. யார் நிற்க வேண்டும் என்று ஸஹ்ராவிடம் கேட்டேன். கேட்கும்போதே நான் கைப்பையை செல்வம் சேரிடம் கொடுத்துவிட்டுத் தயாராகத்தான் நின்றேன். அவளுடைய உம்மாவும் அபாயாவைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். "நான் பெத்த புள்ள, என்னத்தானே கேப்பா," என்றார்.

ஸஹ்ரா எட்டாம் இலக்கப் பிள்ளையைத் துணையாகக் கேட்டாள்.