நன்கொடைப் பட்டியலின் முதல் வரி

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்பார்கள்; அப்படியொரு தீப்பெட்டி ஆபீஸின் காவலாளி அவர். முதலாளியின் மைத்துனரே வந்தாலும், பீடியையும் வத்திப்பெட்டியையும் கேட்டு வாங்கித் தகர டப்பாவில் போட்ட பிறகே உள்ளே விடுவார்.

வெளிநாட்டில் நடக்கவிருந்த தொண்டர் மாநாட்டுக்குச் செல்ல நன்கொடை வேண்டி அங்கே போயிருந்தேன்.

“நம்மூருக்காகப் போறீய, அண்ணாச்சி. எம்பேர மொதல்ல எழுதுங்க” என்று காவலாளி பத்து ரூபாயை நீட்டினார்.

முதல் வரியின் தொகையைப் பார்த்தே மற்றவர்கள் கொடுப்பது இங்கே வழக்கம். “முதலாளி எழுதட்டும்” என்றேன்.

“அவிய எழுதட்டும். நான் இங்கனதான இருக்கேன்.”

முதலாளி கையை விரித்துவிட்டார். திரும்புகையில் காவலாளி ரூபாயுடன் எழுந்து நின்றார், காணாதவன்போல் நடந்தேன். வேறெவரிடமும் கேட்க மனம் ஒப்பவில்லை, மாநாட்டுக்கும் போகவில்லை.

பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வரியில் எழுதலாமென்றால், அவர் பெயரை நான் கேட்கவேயில்லை.