முடிச்சில் மாட்டிய மொட்டு

காரைக்குடி பேருந்து நிலையத்துக்கு வெளியே பூக்கடை வைத்திருக்கும் சந்திரலேகாவின் கைவேகத்தை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். தேன் குடிக்க உட்கார்ந்த வண்டையும் மல்லிகையோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். அப்படியொரு சரத்தைச் சூடிப்போன டீச்சருக்கு நாள் முழுக்கத் தலை ரீங்காரம் போட்டது.

பக்கத்தூர் கல்லல் சோணையம்மாளின் மூத்த பிள்ளை அவள். மகன் என்று நினைத்து வளர்த்தார்கள். "நான் பொண்ணும்மா" என்று சொன்ன அன்றே வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. திருநங்கைக்கு வாடகைக்கு வீடு பிடிப்பது புலிப்பால் கறப்பது மாதிரி. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். "மகாராணிக்கு ரெண்டு சீட்டு" என்று காலை நீட்டிக்கொள்வாள். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் அவள் கட்டிய மாலைதான். பத்திரிகை மட்டும் வராது.

அதெல்லாம் அவளுக்குப் பொறுக்கும். பொறுக்காதது ஒன்றுதான். தம்பி மாயக்கண்ணன் கெஞ்சி, அம்மா போனில் பேசத் தொடங்கிய பிறகும், 'டா'வும் வராது, 'டி'யும் வராது. "சாப்டாச்சா? உடம்பு சொகமா?" என்று வாலில்லாத பேச்சு.

"எங்கம்மா வாயில ஒரே ஒரு 'டி' வரட்டும், கடைப்பூவ பூராம் சும்மா குடுத்துர்றேன்" என்பாள் பூ வாங்க வருகிறவர்களிடம்.

மாயக்கண்ணன் கல்யாணத்துக்கு மாலை கொண்டுவந்தவள் மண்டப வாசலோடு நின்றாள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டான். மிச்ச முடிச்சு அவனோடு பிறந்தவள் போடவேண்டியது.

"நாத்தனார் யாருங்க?" என்றார் ஐயர்.

சோணையம்மாள் கண்கள் மாப்பிள்ளையின் பெரியப்பா மகளைத் தேடின. மாயக்கண்ணன் தாலிக்கயிற்றை விடாமல் கத்தினான்.

"அக்கா, இங்குட்டு வா!"

மண்டபமே வாசலைத் திரும்பிப் பார்த்தது. மணப்பெண் மாரீஸ்வரிதான் குனிந்த தலையோடு சொன்னாள்: "வெரசா வாங்க மதினி, கழுத்து வலிக்குது."

சந்திரலேகா ஓடினாள். அவள் கைக்குத் தெரிந்தது பூக்கட்டுவது ஒன்றுதான். பெண்ணின் மாலையிலிருந்து உதிர்ந்த மொட்டை எடுத்து, பழக்கதோஷத்தில், தாலிக்கயிற்றோடு வைத்து இறுக்கிவிட்டாள்.

எட்டிப் பார்த்த சோணையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, கூறுகெட்டவளே! பூவையுமா சேத்துக் கட்டுவ?"

திட்டு வாங்கியவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னொருக்கா திட்டும்மா."

"போடி!" என்ற பிறகுதான் சோணையம்மாளுக்குத் தான் சொன்னது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் சிரிப்பு.

மறுநாள் காரைக்குடியில் மொட்டைத் தலையோடு வந்தவருக்கும் ஒரு முழம் பூ சும்மா கிடைத்தது. வரிசையில் நான் இரண்டு தடவை நின்றேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.