பனித்தரையில் ஒரு தும்புத்தடி

எங்கள் அண்ணர் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் இருந்துகொண்டு நான்கு நாடுகளை ஆளுகிறார். கனடாவில் ஒரு தம்பி, லண்டனில் ஒரு தம்பி, ஒஸ்ரேலியாவில் ஒரு பெறாமகன், ஐரோப்பாவின் வடக்கே ஒரு குளிர்நாட்டில் எங்கள் கடைசித் தங்கச்சி. அந்தக் குளிர்நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களின் வட்டாரம் சின்னது. நாட்டைச் சொன்னால் வீட்டிலக்கத்தையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த நாலு நாட்டிலும் வீடு வாங்குவதென்றாலும், காருக்கு என்ன நிறம் என்றாலும், பிள்ளை எதைப் படிப்பது என்றாலும் அண்ணரைக் கேட்காமல் நடக்காது. அவர் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். கடன் விண்ணப்பம் பார்த்த அதே கண்ணால்தான் சொந்தக்காரரையும் பார்ப்பார். நான் அவருடைய தங்கை. கலியாணம் கட்டவில்லை. அதே ஃபிளாட்டில் இருந்து ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் டியூஷன் கொடுக்கிறேன். என்னை ஆளுவதற்கு அவருக்கு ஃபோன்கூடத் தேவையில்லை, ஒரு செருமல் போதும்.

கடைசித் தங்கச்சியின் மகளுக்குப் பதினெட்டு வயது. அவள் கேர்லிங் என்ற விளையாட்டில் அந்த நாட்டின் இளையோர் அணிக்குத் தெரிவாகியிருந்தாள். பனித்தரையில் கைப்பிடி வைத்த ஒரு கருங்கல்லை வழுக்கி விடுவார்கள். தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவுக்குக் கிட்டப் போய் நிற்கிற கல்லுக்குப் புள்ளி. அவ்வளவுதான். சின்ன வயதில் மாபிள் குண்டு அடித்த எவருக்கும் விளங்கும். ஃபின்லாந்தில் ஒரு தகுதிகாண் போட்டி. பல நாடுகளின் இளையோர் அணிகள் மோதும். அதில் தேறும் சில அணிகள் மட்டும் உலகப் போட்டிக்குப் போகும்.

போவதற்கு முன், கூடப் போக இருந்த பிள்ளையின் தகப்பன் அண்ணருக்கு ஃபோன் எடுத்து உத்தரவு கேட்டார். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பனியில் வழுக்கப் போவதற்கும் வேண்டும். அண்ணர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "இந்தப் போட்டியில தேறினால் விளையாடட்டும். தேறாட்டி அதோட விட்டிட்டு மெடிசினுக்குப் படிக்கட்டும்." தகப்பன் "ஓம் அண்ணை" என்றார். அந்த மனிதர் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றைக்கே பிள்ளை எனக்குத் தனியாக ஃபோன் எடுத்தாள். "பெரியம்மா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இதை மட்டும் விடச் சொல்லாதேங்கோ" என்று அழுதாள். நான் அண்ணரிடம் கதைக்கிறேன் என்றேன். கதைக்கவில்லை. அவர் செருமினார், நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

ஒன்றன் பின் ஒன்றாக ஆட்டங்கள் முடிந்து, உலகப் போட்டிக்கான கடைசி இடம் யாருக்கு என்ற ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மத்தியானம். அண்ணர் ஃபிளாட் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். அந்த விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தேசிய அணியின் ஜக்கெட்டோடு பிள்ளை நிற்கிற ஒரு படம்தான். ஆனாலும் லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் "அது பனியில விளையாடுற செஸ். மூளை உள்ள ஆக்களுக்குத்தான் சரிவரும்" என்று விளக்கியிருந்தார்.

இரண்டு பேர் வந்தார்கள். கீழ் வீட்டு ஹாஜியார், கொட்டாஞ்சேனையில் டைல்ஸும் கிரனைட்டும் விற்கிறவர். மற்றது இரண்டாம் மாடி அன்ரி. அன்ரியின் மகன் மெல்பேணில் டொக்டர். அவன் டொக்டர் என்பதை எங்கள் மாடிப்படிகளே மனப்பாடமாகச் சொல்லும். மீன் பற்றீசும் ரோல்ஸும் பரப்பி, ஃபேனை முழு வேகத்தில் விட்டு, வியர்க்க வியர்க்கப் பனியைப் பார்க்க உட்கார்ந்தோம்.

டீவியில் யூடியூப்பை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுதான் பிழையாய்ப் போயிற்று. பிள்ளை அணியில் முதல் ஆள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தன் கற்களை விட்டுவிட்டு, பிறகு மற்றவர்களின் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடுவது அவள் பங்கு. அப்படித் தேய்த்தால் பனி மிக இலேசாகச் சூடாகும், உராய்வு குறையும், கல் இன்னும் தூரம் நேராகப் போகும். படம் வந்தபோது அவள் கல் விட்டு முடித்திருந்தாள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கல்லை விட, எங்கள் பிள்ளை நீளத் தடியின் நுனியில் பட்டை வைத்த, வீடு கூட்டுகிற தும்புத்தடி போன்ற ஒன்றால் அதற்கு முன்னால் விழுந்து விழுந்து கூட்டிக்கொண்டு வந்தாள்.

அன்ரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். 

"பிள்ளை கூட்டுறா போல கிடக்கு" என்றார் அன்ரி. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "ஏன், அங்க கூட்டுறதுக்கு வேற ஆக்கள் இல்லையோ?"

எங்கள் ஆட்களுக்குத் தும்புத்தடி என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. யார் கூட்டுவது, யார் கூட்டிய முற்றத்தில் நடப்பது என்று பிரித்துவைத்து, அதையே ஒரு பெருமையாகச் சுமந்து கடல் கடந்தும் கொண்டுபோனவர்கள் நாங்கள். அண்ணரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணை, அதுதான் விளையாட்டே. உராய்வு..." என்று தொடங்கினேன். செருமினார்.

"சேர், கல்லு நல்ல கல்லு" என்றார் ஹாஜியார், பற்றீசைக் கடித்தபடி. "இப்பிடி பொலிஷ் எங்கட கடையில ஒண்ணுலயும் வராது." வீட்டில் நியாயமாக ஆட்டம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த சுற்றில் பிள்ளை முழங்காலை மடித்து வழுக்கி, கல்லை அழகாக விட்டாள். அண்ணர் அதைக் காணவில்லை. ஃபோனில் பிள்ளையின் தகப்பனான மைத்துனரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் நாட்டில் எதற்கும் ஒரு வழி உண்டு. பள்ளிக்கூட அனுமதியா, இடமாற்றமா, ஆஸ்பத்திரியில் கட்டிலா, உள்ளே யாரோடாவது கதைத்தால் நடக்கும். இளையோர் கேர்லிங்கும் அப்படித்தான் என்று அண்ணர் மனதார நம்பினார். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன இது, பிள்ளையைக் கூட்ட விட்டிருக்கினம்? நீர் பாத்துக்கொண்டு இருக்கிறீரோ?"

"அண்ணை, அது விளையாட்டில ஒரு..."

"கோச்சோட கதையும். எங்கட பிள்ளைக்குக் கடைசிக் கல்லைக் குடுக்கச் சொல்லும். வாயைத் திறந்து கேட்டாத்தானே குடுப்பினம்."

"இடையில ஆரும் கதைக்க ஏலாது அண்ணை."

"அப்ப பிள்ளைக்குச் சொல்லும், கூட்ட வேண்டாமெண்டு. இஞ்ச ஆக்கள் பாக்கினம்."

நேரடி ஒளிபரப்பு எங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஃபோனில் கதை முடிந்த பிறகுதான் டீவியின் ஓரத்தில் மைத்துனர், கம்பளித் தொப்பியும் காதில் ஃபோனுமாக, தயங்கித் தயங்கி எழும்பினார். பிள்ளைகளின் கழுத்துப்பட்டியில் சின்ன மைக் குத்தியிருந்தார்கள். அதனால் அவர் எட்டிக் கூப்பிட்டது எங்கள் ஹோலுக்குள் கணீரென்று கேட்டது.

"பிள்ளை! பெரியமாமா கூட்ட வேண்டாமாம்!"

பிள்ளை நிமிரவில்லை. தடியின் பட்டையைத் துடைத்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"அப்பா, பெரியமாமாவை வாயை மூடச் சொல்லுங்கோ. நான் விளையாடுறன்."

உலகம் முழுக்கப் போகிற ஒளிபரப்பில் எங்கள் தாய்மொழி ஏறிய கதை இதுதான். ஆட்டத்தை வர்ணித்த ஆங்கிலேயர், ஏதோ முக்கியமான தந்திரம் பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். ஹாஜியார் ரோல்ஸை வாயில் வைத்தபடியே குலுங்கினார். அன்ரி "அங்க வளர்ந்த பிள்ளையள்தானே" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலுக்குக் கன்னத்தில் ஒரு அறை எவ்வளவோ மேல். எனக்கோ உள்ளுக்குள் இனித்தது. நான் ஐம்பது வயதுவரை சொல்ல நினைத்த வசனத்தை அவள் பனியில் நின்று சொல்லிவிட்டாள்.

ஆனால் வெளியாட்கள் ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். கறுப்பு ஜக்கெட் போட்ட ஒரு நடுவர் அம்மா வந்து, மைத்துனரைத் தோளில் தொட்டு, வெளியே கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே விட்ட பெடியனைப் போல அவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு போனார்.  விடியக் காலையில் எழும்பி, வருஷக்கணக்காக அவளைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கியவர் அவர். தங்கச்சி நேர்ஸ், அவளுக்கு அன்றும் டியூட்டி.

கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது.

"அக்கா, என்னை வெளிய விட்டிட்டினம். ஃபோனில படம் சுத்திக்கொண்டே நிக்குது. என்ன நடக்குதெண்டு சொல்லுறீங்களோ?"

அந்தக் கதவுக்கு அப்பால் நடக்கிற ஆட்டத்தை நான் வெள்ளவத்தையில் இருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி இருந்தார்.

கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமன். எதிரணியின் கல் ஒன்று நடுவுக்கு அருகில் கிடந்தது. எங்கள் அணித்தலைவி கடைசிக் கல்லை விட்டாள்.

"விட்டிட்டா. மெதுவாப் போகுது. வேகம் காணாது போல கிடக்கு."

"பிள்ளை?"

"பிள்ளை கூட்டுறாள். குனிஞ்சு நல்லாக் கூட்டுறாள்."

கல் பாதித் தூரம்கூட வந்திருக்காது. அதற்குள் ஃபோனில் 'ஓ' என்று ஒரு பெரிய ஆரவாரம். கதவுக்கு அப்பால் ஆட்டம் முடிந்துவிட்டது. எங்கள் டீவியில் கல் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. யார் கத்துகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "அக்கா, ஆர்? அக்கா, ஆர்?" என்று அவர் கெஞ்சினார். திரையில் பிள்ளை ஏறக்குறையப் பனியில் படுத்துக்கொண்டு தேய்த்தாள். கல் வட்டத்துக்குள் ஏறியது, இன்னும் கொஞ்சம் வந்தது, எதிரணிக் கல்லைக் கடந்து நடுவில் நின்றது.

"வெண்டாச்சு!" என்று நான் கத்தினேன். ஹாஜியார் எழும்பிக் கைதட்டினார். ஃபோனில் அந்த மனிதர் விம்மியது கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சொன்ன சொல்படி பிள்ளை தேறிவிட்டாள், இனி யாரும் தடுக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

அண்ணர் ஜன்னலை விட்டு வந்து என் கையிலிருந்த ஃபோனை வாங்கினார். ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியவில்லை, அல்லது மறந்துவிட்டார்.

"சரி, கெட்டித்தனம்தான். ஆனா இத்தோட காணும். பெரிய போட்டியெல்லாம் வேண்டாம், படிப்பைப் பாக்கட்டும். பேசின பேச்சுக்கு என்னட்ட மன்னிப்பும் கேக்கவேணும். உலகம் பாக்கத் தும்புத்தடியோட நிண்டால் ஆர் மதிப்பான்? எங்கட குடும்பத்தில இதுவரைக்கும் ஆரும் கூட்டினதில்லை."

வழக்கமான "ஓம் அண்ணை" வரவில்லை. 

"அண்ணை, நான் கூட்டினனான்" என்றார் மைத்துனர்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "இஞ்ச வந்து பதினொரு வருஷம் பள்ளிக்கூடம் கூட்டினனான். கக்கூசும் கழுவினனான். நீங்கள் ஊரில எனக்கு நிர்வாகத்தில வேலை எண்டு சொன்னனீங்கள், நானும் பேசாமல் இருந்தனான். அந்தச் சம்பளத்திலதான் இவளை வளர்த்தனான். பிள்ளை போவாள் அண்ணை."

ஃபோன் நின்றது.

நிர்வாகம் என்ற அந்தச் சொல்லை நாங்கள் எல்லாரும் பாவித்தோம், நானும் பாவித்தேன். என்ன வேலை என்று அறிய எவரும் விரும்பவில்லை. அன்ரி மடியிலிருந்த பற்றீஸ் துகளைத் தட்டினார். அண்ணர் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர் போல, "லைன் கட்டாகிப் போட்டுது" என்றார். "அங்கத்தைய லைன் எப்பவும் உப்பிடித்தான்."

செருமலுக்குக் காத்திருக்காமல் சொன்னேன்: "லைன் நல்லாத்தான் இருக்கு அண்ணை. அவர் வைச்சிட்டார்."

பிள்ளை பெரிய போட்டிக்குப் போனாள். போகலாமா என்று கேட்டு வெள்ளவத்தைக்கு யாரும் ஃபோன் எடுக்கவில்லை. போட்டி நடந்த அந்தக் கிழமை முழுக்க அண்ணர் ஃபோனைச் சார்ஜிலேயே போட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.