குளிர் சாலையில் வந்த டோலி

நான் லைன்மேன். உயர் அழுத்தக் கம்பிகளோடு இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன். இல்லாததை இருப்பதாக நினைத்து மிரளுகிற ஆள் அந்த வேலையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்க மாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு, "மூடுபனியில் மரத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறான்" என்று நீங்கள் சிரித்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்தது நடந்ததுதான்.

எங்கள் ஊர் கட்வால் மலையில் இருக்கும் ஒரு ராணுவக் கன்டோன்மென்ட். வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து கட்டியது. கீழே சமவெளியில் அவனுடைய துரைமாருக்குக் காய்ச்சல் வந்தால், குளிர்ச்சியில் படுக்கவைக்க இங்கே கொண்டுவருவார்கள். அதற்காகவே மலையின் நிழல் பக்கமாக ஒரு பாதை வெட்டினார்கள். குளிர் சாலை என்று பெயர். கொண்டுவந்தது எங்கள் ஆட்களின் தோளில். கிராமத்துக்கு இத்தனை பேர் என்று பிடித்துப் போவார்கள். சம்பளம் கிடையாது, மறுத்தால் பிரம்படி. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அது ஆவணி மாதம். ஒரு வாரமாக மழை விடவில்லை. மத்தியானம் மேலே இருக்கிற பம்ப் ஹவுசுக்குக் கரண்ட் நின்றுவிட்டது. என் உதவியாள் லீவில் இருந்தான். அதனால் என் மனைவி பீனாவின் தம்பி சோபனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவன் பஜாரில் ஜீப் ஓட்டுகிறவன். அப்பா அம்மா இல்லாத பையன், பீனாதான் வளர்த்தாள். அவனுக்குத் தலை வலித்தால் இவளுக்குச் சோறு இறங்காது. அன்று மத்தியானம்கூடக் கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும் எனக்கு இரண்டாம் தடவை போடாமல் அவன் தட்டில்தான் விழுந்துகொண்டிருந்தன.

"அத்தான், கம்பத்துல ஏறுறது நீங்க. கீழ நின்னு அழறதுக்கு நானா?" என்றான் வழியில்.

"அழறதுக்கு உன் அக்கா இருக்கா. நீ டார்ச்சைப் பிடி, போதும்."

"கார்த்திகைல எனக்குக் கல்யாணம். ஏதாச்சும் ஆச்சுன்னா பொண்ணு வீட்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"தப்பிச்சீங்கன்னு சொல்றேன்."

மணி நாலு இருக்கும். நாலு மணிக்கே சாலை இருட்டிக் கிடந்தது. ஒரு தேவதாருக் கிளை கம்பியில் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தோம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் சுவிட்சை இறக்கிவிட்டு வரும்படி சோபனைக் கீழே அனுப்பினேன். வேறெங்காவது கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க நான் மட்டும் மேலே நடந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"ஹூம்... ஹூம்... ஹூம்..."

சுமை தூக்குகிறவர்கள் கால் தப்பாமல் இருக்க விடுகிற மூச்சு. எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். மூடுபனிக்குள்ளிருந்து நாலு பேர், மூங்கில்களில் கட்டிய ஒரு டோலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டோலியில் இருந்த ஆளைக் கம்பளி போர்த்தி மூடியிருந்தார்கள்.

எங்கள் மேல்மலைக் கிராமங்களுக்கு இன்றும் ரோடு கிடையாது. நோயாளியை டோலியில்தான் தூக்கி வரவேண்டும். வழியில் அகப்படுகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் தோள் கொடுப்பான். யார், எந்த ஊர், என்ன வியாதி என்று கேட்பதில்லை. களைத்தவன் முதுகில் தட்டினால் அவன் விலகுவான், நாம் நுழைந்துகொள்வோம். கொஞ்ச தூரம் போனதும் வேறொருவன் வந்து நம்மைத் தட்டுவான். டோலியைப் பார்த்தும் சும்மா போகிறவனின் பிணத்தைத் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

பின்பக்கம் இடது மூலையில் இருந்தவன் நொண்டினான். நான் யோசிக்கவே இல்லை. அவன் முதுகில் தட்டினேன். விலகினான். தோளைக் கொடுத்தேன்.

அவன் பாதையோரம் அப்படியே உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் தன் தோளைத் தடவிக்கொண்டு சிரித்தான். வாய் மட்டும் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

பத்தடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி கீழே பஜாரில் இருக்கிறது. இவர்கள் மேலே போகிறார்கள்.

மூங்கில் தோளை அறுத்தது. ஒரு ஆளின் பாரம் இல்லை அது. முன்னால் நடந்தவனின் கால்களைப் பார்த்தேன். செருப்பு இல்லை. அட்டை மொய்க்கிற மாதத்தில் அந்தக் கால்களில் ஒரு அட்டைகூட இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளி நனையவில்லை. கம்பளிக்கு வெளியே இரண்டு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன. பளபளவென்று, காய்ந்து...

"எந்த ஊர் அண்ணே?" என்றேன்.

முன்னால் போனவன் திரும்பவில்லை. "பேசாம நட."

"எங்க போறோம்?"

"மேல."

"மேல எங்க? அங்க பம்ப் ஹவுசைத் தவிர ஒண்ணுமில்லையே."

"துரைக்கு இங்க சூடா இருக்காம். இன்னும் மேல போகணுமாம்."

சட்டென்று நின்றேன். டோலி ஆடியது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு பிரம்பு வந்தது. சுரீர் என்று என் காதோரம் விழுந்தது.

"கூலி. ஆடாதே. நேரா போ."

வெள்ளைக்காரன் பேசுகிற அரைகுறைப் பேச்சு. நோயாளியின் குரல் இல்லை. கட்டளையிட்டே பழகின குரல்.

மூங்கிலைத் தள்ளிவிட்டு ஓடலாம் என்று தோளைத் தாழ்த்தினேன். அதுவும் கூடவே தாழ்ந்தது. கையால் உந்தினேன். ஆணி அடித்த மாதிரி இருந்தது.

"எப்ப இறக்கி வைப்பீங்க?"

"இறக்கறதில்ல" என்றான் முன்னால் போனவன். "ஆள் மாத்தறதுதான்."

"யாராச்சும் வந்து தட்டினாத்தானா?"

"ம். உனக்கு யோகம்டா. பின்னால ஒருத்தன் வர்றான் பாரு."

கழுத்தைத் திருப்பினேன். கீழே வளைவில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். சோபனின் டார்ச்.

"அத்தான்... எங்க இருக்கீங்க?"

டோலி தூக்கிக்கொண்டு போகிற அத்தானைப் பார்த்தால் அவன் என்ன செய்வான்? நான் செய்ததைத்தான் செய்வான். ஓடிவந்து தட்டுவான்.

மற்ற மூன்று பேரின் தலையும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது. அந்த முகங்களில் பகை இல்லை. ஆசைதான் இருந்தது. பந்தியில் கடைசி இலைக்குக் காத்திருப்பவர்களின் ஆசை.

"கூப்பிடு அவனை" என்றான் பக்கத்தில் இருந்தவன். "இல்லன்னா நான் கூப்பிடறேன்."

"சோபன், கிட்ட வராதே" என்று கத்தினேன்.

"யாரு அத்தான்? யாருக்கு உடம்பு சரியில்ல? இருங்க, நான் மாத்திக்கறேன்."

"தொடாதே. உன் அக்கா மேல ஆணைடா. நீ தொட்டா அவ தாலி அறுந்துடும். அங்கேயே நில்லு."

டார்ச் நின்றது.

பிரம்பு விழுந்தது. மறுபடியும் விழுந்தது. "கூலி. சத்தம் போடாதே."

அடுத்த வளைவில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைப் போட்டிருப்பார்கள். விறகு சுமக்கிற பெண்கள் குனியாமல் சுமையை வைத்து மூச்சு வாங்குகிற இடம். அது கண்ணில் பட்டதும் உடம்பு முழுவதையும் அதன் பக்கம் சாய்த்தேன்.

மூங்கில் கல்லில் உரசியது.

ஏறியது.

பாரம் என் தோளை விட்டு நகர்ந்தது...

கீழே சறுக்கி விழுந்தேன். முகம் சேற்றில். தலைக்கு மேலே கல் கிறீச்சிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தபோது டோலி இல்லை. ஆட்கள் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பலகைக் கல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சோபன் நின்றுகொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபத்தைந்து.

"தொட்டியாடா?" என்றேன் முதலில்.

"இல்ல."

"சத்தியமா?"

"இல்லன்னா இல்ல. வாங்க போகலாம்."

கைத்தாங்கலாக என்னைத் தூக்கினான். இறங்குகிற வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. வாயாடிப் பயல், பயந்துவிட்டான் என்று நினைத்தேன். பஜார் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது மட்டும் நின்று, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அக்கா நல்லாருக்காளா அத்தான்?"

மத்தியானம் அவள் கையால் சாப்பிட்டவன் கேட்கிற கேள்வியா இது? பயத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் முந்தின நாள் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, பெண்கள் அறுகம்புல்லில் மஞ்சளைத் தொட்டுப் பூசிக் குளிப்பாட்டுவார்கள். சோபன் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். பெண்கள் விடுவார்களா? கேலி பேசியபடியே நாலு பேர் சேர்ந்து உருவிவிட்டார்கள்.

சிரிப்பு அப்படியே அடங்கியது.

அவன் இடது தோளில் கருப்பாக ஒரு திட்டு. மாட்டுக் கழுத்தில் நுகத்தடி பட்டுக் காய்த்திருக்குமே, அந்த மாதிரி. நடுவில் மூங்கில் கனத்துக்கு ஒரு பள்ளம். பீனா அதைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடா இது? எப்ப இருந்து?" என்றாள். ஜீப் ஓட்டுகிறவன், தோளில் எதையும் சுமந்தறியாத பையன். அவன் என்னைப் பார்த்தான்.

குளியல் முடிந்ததும் அவனைக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனேன்.

"தொடலைன்னு சொன்னியேடா."

"கல்லு தாங்கல அத்தான். சரிஞ்சிடுச்சு. நீங்க நேர் கீழ கிடந்தீங்க. நான் பிடிக்கலைன்னா உங்க மேலதான்..."

"நான் கண்ணை மூடித் திறந்தேன். அவ்வளவுதானடா?"

"உங்களுக்கு அவ்வளவுதான்."

சோபன் தன் தோளைத் தடவிக்கொண்டான்.

"மூணு மழைக்காலம் வரைக்கும் எண்ணினேன்" என்றான். "அப்புறம் எண்ணலை."

"யாருடா உன்னை மாத்திவிட்டது?"

அவன் முற்றத்தைப் பார்த்தான். அங்கே என் மகன் அங்கித், நாலு வயசு, மூஞ்சியெல்லாம் மஞ்சளோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"விடுங்க அத்தான்."

"சொல்லுடா."

"வாட்டசாட்டமா ஒரு பையன். இருபது வயசு இருக்கும். பட்டாளத்துச் சட்டை. தானா ஓடிவந்து முதுகுல தட்டினான்." சோபன் இன்னும் அங்கித்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க விலகுங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன்னான்."

சோபனுக்கு இருப்பது ஒரே அக்கா. அவளுக்கு ஒரே பையன்.

அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு சமவெளிக்கு வந்துவிட்டோம். அங்கித்தை அந்த மலைப் பக்கமே விட்டதில்லை. டோலியைக் கண்டால் திரும்பி நட என்று சொல்லித்தான் வளர்த்தேன். ஈவிரக்கமில்லாத மனுஷன் என்று சொந்தக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். திட்டிக்கொள்ளட்டும்.

போன வாரம் அவன் எனக்குத் தெரியாமல் பட்டாளத் தேர்வுக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்தான். பயிற்சி எங்கள் பழைய கன்டோன்மென்டில்தான். வயசு பத்தொன்பது. பீனா தெருவெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவனை உட்காரவைத்து, உங்களுக்குச் சொன்ன அத்தனையையும் சொன்னேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொல்றபடியே இருக்கட்டும்ப்பா. ஆனா மாமா தூக்கிட்டு நிக்கும்போது நான் எப்படிப் பார்த்துட்டு சும்மா போறது?"