பனியில் மட்டும் நொண்டும் கார்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வதந்தி நல்ல உடல்நலத்தோடு உலாவிக்கொண்டிருந்தது. ரெத்தினத்தின் பழைய கார் எங்கே வேண்டுமானாலும் ஓடும், மச்சான் வீட்டுக்கு மட்டும் நொண்டும். அவர்தான் அதை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார் என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கடைசியாகத்தான் அது அவர் மனைவி அம்சத்தின் காதுக்கு வந்தது.

அம்சத்துக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசம், யோசனை வந்தது.

அம்சம் யோசித்தால் ஏதாவது நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும். அவள் அம்மா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அம்சமோ நடவு மெஷினுக்குத் தட்டில் நாற்று வளர்த்து விற்கிறாள். ஐந்து மா நிலம் குத்தகைக்கு எடுத்தும் பார்க்கிறாள். தெருவில் முதன்முதலாக முதுகில் ஸ்பிரேயர் மாட்டிய பெண் அவள்தான். “பொம்பள மருந்தடிச்சா பயிர் கருகிடும்” என்று அன்றைக்குச் சொன்னவர்கள், இன்றைக்கு அவளிடம்தான் நாற்றுக்குச் சொல்லிவைக்கிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டையில் தம்பி வளவனுக்குப் புதுமனை புகுவிழா. விடிந்ததும் முகூர்த்தம். அக்காவும் மாமாவும் ஜோடியாக வந்து பால் காய்ச்ச வேண்டும் என்று போன் போட்டுப் போட்டுச் சொல்லிவிட்டான். கார்த்திகையில் அவன் மகள் காதுகுத்துக்குப் புறப்பட்ட கார், ஊர் எல்லைக்குள்ளேயே உதறித் திரும்பியது. அம்சம் தனியாகப் பஸ்ஸில் போய் இறங்கினாள். இந்த முறையும் அப்படியென்றால், “மாமா வரலியா?” என்று கேட்கிற அத்தனை வாய்க்கும் என்ன சொல்வது?

“உண்மையச் சொல்லுங்க. நோவு வண்டிக்கா, உங்களுக்கா?”

“சத்தியமா வண்டிக்குத்தான். எனக்கு உன் தம்பியப் பிடிக்காதுங்கறது வேற விஷயம்.”

இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற புருஷனை எந்தப் பெண்தான் நம்புவாள்?

மெக்கானிக் ஜெகபர் அலியும் கைவிரித்திருந்தார். ரெத்தினம் எப்போது கொண்டுபோனாலும், நாகசுரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி எஞ்சின் ஒரே சுதியில் ஓடியது. “எஞ்சின்ல குறையே இல்ல மாப்ள. குறை இருக்கற எடம் வேற” என்று அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாராம். வதந்தி பிறந்ததே அந்தப் பட்டறையில்தான் என்பார்கள். அதுவும் வதந்தியாக இருக்கலாம்.

மறுநாள் காலை அம்சம் நாற்றுத் தட்டுகளின் மேல் கயிற்றை இழுத்துப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தாள். பனி காய்ந்த பிறகுதான் மருந்தடிக்க வேண்டும் என்று மனசு நேரத்தைக் கணக்குப் போட்டது. அங்கேயே கயிறு நின்றது. தம்பி வீட்டுக்கு என்றால் இருட்டோடு கிளம்புகிறோம். இவர் கூட்டாளிகளோடு சீர்காழிக்கு நொண்டாமல் போய்வந்தது மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு. பட்டறை திறப்பதும் வெயில் ஏறித்தான். அப்படியானால் கார் நொண்டுவது தம்பியைப் பார்த்தா, பனியைப் பார்த்தா?

ஸ்பிரேயரை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். பட்டறையில் வெயில் பல்லைக் காட்டியது.

“என்ன தங்கச்சி, காருக்குப் பூச்சி மருந்தா?” என்றார் ஜெகபர் அலி.

“பனி கொண்டாந்திருக்கேன் பாய். ஒங்க கடையில பகல்ல கிடைக்காதே.”

ரெத்தினம் ஸ்டார்ட் செய்தார். பானெட்டைத் தூக்கி, அம்சம் எஞ்சின் மேல் பூந்தூறலாக அடித்தாள். ஒத்து ஊதுவது நிற்கவில்லை. தன் கார் கெட்டுப்போக வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் அன்றைக்கு ரெத்தினமாகத்தான் இருக்கும். வேண்டுதல் பலித்தது. எஞ்சின் ஒரு முறை இருமியது. அப்புறம் உடம்பெல்லாம் உதறியது.

“பாத்துக்க. நல்லாப் பாத்துக்க” என்றார் ரெத்தினம், மகன் மாநிலத்தில் முதலிடம் வாங்கியதைப்போல.

ஜெகபர் அலி ரப்பர் பிடி போட்ட குறடை எடுத்தார். “நாலு சிலிண்டர்ல ஒருத்தன் வேலை செய்யல. யாருன்னு பாப்போம்.” முதல் பிளக் வயரைப் பிடுங்கினார். எஞ்சின் மூச்சுத் திணறியது. மாட்டினார். இரண்டாவதைப் பிடுங்கினார். அதே திணறல். மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இவன்தான் ஆளு.”

“எங்க விவசாயிங்க சங்கத்துலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு பாய்” என்றாள் அம்சம்.

வயரைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் எலி கடித்த தடம். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திய பலன். “ஈரம் பட்டா கரண்டு இந்த ஓட்டை வழியா இரும்புக்கு ஓடிருது. பிளக்குக்குப் போறதில்ல. காஞ்சா சரியாயிடுது” என்றார் ஜெகபர் அலி.

“கொறை இருக்கற எடம் வேறன்னீங்களே மச்சான்” என்றார் ரெத்தினம். ஜெகபர் அலிக்குப் புது வயர் தேடுகிற அவசரம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் ரெத்தினம் தொடங்கினார். “எலி செஞ்சதுக்கு என்னையப் பேசினே. ஒரு மன்னிப்பு வரணும்ல?”

“பட்டுக்கோட்டையில எறங்கினதும் சொல்றேங்க.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற பனியில் கார் சிணுங்காமல் போனது. ஓட்டியவர் முகம்தான் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் முகம். பால் பொங்கியது, போட்டோ எடுத்தார்கள், வளவன் மாமாவைக் கட்டிப்பிடித்தும் பார்த்தான். மன்னிப்பு மட்டும் வரவில்லை. வீடு திரும்பும்போது ரெத்தினம் ஞாபகப்படுத்தினார்.

“வண்டி நொண்டினது நெசம், ஒத்துக்கறேன்” என்றாள் அம்சம். “நொண்டினப்ப உள்ளுக்குள்ள நீங்க சந்தோஷப்பட்டதும் நெசம்தானே? அதைக் கழிச்சுட்டு, மிச்சம் இருந்தா சொல்றேன்.”

தை முடிந்து மாசி பிறந்துவிட்டது. அம்சம் இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறாள்.