கரைக்கு வந்தாச்சு என்ற பட்டன்

எனக்குப் பாராட்டுப் பைத்தியம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம். அப்பாவும் அம்மாவும் நாசரேத்தில் ஆசிரியர்கள். தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கிக்கொண்டு போனால் மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்கிற வீடு. பள்ளிக்கூட வராந்தாவில் முதல் மார்க் வாங்கியவர்களின் பெயர்ப்பலகை ஒன்று தொங்கும். அதில் என் பெயர் ஏறவே இல்லை. நாற்பதை நெருங்குகிறேன், அந்தப் பலகை இன்னும் என்னை விட்டபாடில்லை.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். மீனவர்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். கீழ்வீட்டு அக்காவின் புருஷன் வள்ளத்தில் தங்குகடலுக்குப் போகிறவர். அதாவது, போனால் இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டுத்தான் திரும்புவார். கொஞ்ச தூரம் போனதும் போன் சிக்னல் செத்துவிடும். காற்று கிளம்பிவிட்டால் அக்கா போனும் கையுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. இன்ன வள்ளம் வந்துவிட்டது என்று யாராவது போட்டால் அதன் மேல் நாற்பது குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து விழுந்து மூடிவிடும். அக்கா அதில் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டே சாயங்காலத்தில் ஒரு வெப் பக்கம் செய்து கொடுத்தேன். வள்ளத்துக்கு ஒரு வரி. கடலுக்குப் போன நாள், திரும்ப வேண்டிய நாள், பக்கத்தில் பெரிதாக ஒரு பட்டன். 'கரைக்கு வந்தாச்சு.' கரையில் நிற்பவர் யாராக இருந்தாலும் வள்ளம் வருவதைப் பார்த்தால் அமுக்கலாம். வரி பச்சையாகிவிடும்.

பாஸ்வேர்டு வைக்கவில்லை. வைத்தால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது, பிறகு தினமும் என் வாசலில்தான் கூட்டம் கூடும். அது சோம்பல் பாதி. மறுபாதியில் ஒரு பெருமை இருந்தது. நான் வெப்சைட் கட்டப் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருளே ஓப்பன் சோர்ஸ். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா கொடுத்தது. அவர்கள் உலகத்தையே நம்பும்போது நான் ஒரு தெருவை நம்பக் கூடாதா என்று நினைத்தேன். தெரு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது. எட்டு மாதத்தில் ஒரு வரிகூடத் தப்பாகப் பச்சையாகவில்லை.

அந்த ஃபிரேம்வொர்க்கின் தளத்தில் 'ஷோகேஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. அதை வைத்து யார் யார் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று படத்தோடு காட்டுவார்கள். பெரிய பெரிய கம்பெனிகளின் தளங்கள் வரிசையாக இருக்கும். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி என் பக்கத்தையும் அனுப்பினேன். "பாஸ்வேர்டு கிடையாது, ஒரு கடற்கரையின் நம்பிக்கையில் ஓடுகிறது" என்று எழுதியதை எத்தனை தடவை திரும்ப வாசித்து ரசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த வாரத்தில் தேர்ந்தெடுத்த தளம் என்று என் பக்கத்தை உச்சியில் வைத்தார்கள். காலையில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்லதுட்டி. சம்பளம் கூட்டுவாவளா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காபி ஆறிப்போனது.

அன்று காலையிலேயே காற்று எச்சரிக்கை வந்திருந்தது. ஏழு வள்ளங்கள் கடலில் இருந்தன. பதினொரு மணிக்கு மேல் வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாவதைப் பார்த்தேன். ரேடியோவில் எச்சரிக்கை கேட்டு ஓடி வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணெதிரே நடந்தது. அதைவிட வெட்கம், வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கிற நேரத்தில் பக்கம் உயிரோட்டமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மணிக்கு அக்கா மாடி ஏறி வந்தாள். முகத்தில் பதற்றம் அதிகமில்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏளா, எங்க வள்ளம் வந்துட்டுன்னு பச்சை காட்டுதே. கரையில போய்ப் பாத்தேன், அங்கன வள்ளத்தையும் காணோம், அவுகளையும் காணோம். போனு போட்டா சுவிச் ஆஃப்புங்கு. வேற எங்கயும் கரை ஏறிட்டாவளோ என்னவோ. அமுக்குனது யாருன்னு உன் கம்ப்யூட்டர்ல தெரியுமாளா? பாத்தவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

எந்த ஊரிலிருந்து அமுக்கினார்கள் என்று பதிவாகியிருக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வள்ளம் வந்ததைப் பார்த்து அமுக்கியவர் யாருமில்லை. அவள் புருஷனின் வள்ளத்தைப் பச்சையாக்கிய விரல், என் வாயில் பெயர்கூட நுழையாத ஏதோ ஓர் ஊரில் இருந்தது. ஏழு வரியில் ஐந்து அப்படித்தான். புரியாத மொழியில் ஒரு பெரிய பட்டன் இருந்தால் யாரும் அமுக்கித்தானே பார்ப்பார்கள். நானே அப்படி எத்தனை தளங்களில் அமுக்கியிருக்கிறேன்.

"அக்கா, இது தப்பு. வள்ளம் வரல. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. ஓடிப்போய்க் கரையில சொல்லுங்க" என்றேன்.

வள்ளம் வரவில்லை என்பதை உடனே சொன்னேன். அந்த மட்டுக்கு என்னைத் தேற்றிக்கொள்ளலாம். கோளாறு என்றது பொய். அது தானாக வாயில் வந்தது. அந்த நேரத்துக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, காலையில் கரையில் இரண்டு வள்ளங்கள் தேடிப் போகத் தயாராக நின்றிருக்கின்றன. என் வெப் பக்கத்தில் வரிகள் எல்லாம் பச்சையானதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அக்கா போய்ச் சொன்ன பிறகு மூன்று மணிக்குத்தான் கிளம்பினார்கள். மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தாமே வந்து சேர்ந்தன, அக்கா புருஷனின் வள்ளம் மட்டும் அன்று பொழுது சாயும் வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை, தெற்கே ஆலந்தலை என்ற கடற்கரை ஊரிலிருந்து போன் வந்தது. இன்ஜின் நின்றுபோய், காற்று இழுத்த பக்கமெல்லாம் போன வள்ளத்தை அந்த ஊர்க்காரர்கள் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். அதில் போன ஐந்து பேருக்கும் உயிர் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் இன்ஜினை எப்படியாவது ஓட வைக்கப் பார்த்ததில், அக்கா புருஷனின் வலது கையில் இரண்டு விரல்கள் பெல்ட்டில் மாட்டி நசுங்கிவிட்டன. அந்த விரல்கள் இனி மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வலை இழுக்கிற கை அது.

காலையில் நின்ற வள்ளங்கள் காலையிலேயே போயிருந்தால் என்ற கணக்கை நான் தினமும் போடுகிறேன். அக்கா ஒரு நாளும் என்னிடம் போட்டுக் காட்டவில்லை.

ஆனால் கோளாறு என்பதை அவள் நம்பவில்லை. "கம்ப்யூட்டர் தானா அமுக்குமா? நீ வெளியூர்ப் பிள்ள, உனக்கு இந்தத் தெருவப் பத்தித் தெரியாது" என்றாள். நாலு வீடு தள்ளி ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் முன்பு அதே வள்ளத்தில் இருந்தவன், சண்டை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான். அந்த வயிற்றெரிச்சலில் அவள்தான் அமுக்கினாள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். தெருக்குழாயில் வைத்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவள் கைகூப்பியதற்கு, தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை என்னிடமே வந்து சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்.

இதற்குள் ஷோகேஸிலிருந்து என் பக்கத்தை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு, வருத்தம் தெரிவித்து அன்பாகப் பதிலும் போட்டார்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அந்த நாலாம் வீட்டுக்காரி மாடி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யாரு அமுக்குனதுன்னு உங்க மெஷின்ல எழுதியிருக்குமாமே. எம் மவ சொன்னா. நான் அமுக்கலங்கிறத அவகிட்டக் கொஞ்சம் காட்டுவியளா? நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவளைப் போகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைக்குப் பட்டன் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதேன். அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதேன். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்ப அவ அமுக்கல."

"இல்லக்கா."

"நம்ம கரையில யாருமே அமுக்கல."

"இல்லக்கா. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன பட்டன்னு தெரியாம அமுக்கிப் பாத்திருக்காங்க."

அக்கா சுளகைக் கீழே வைத்தாள். குரல் உயரவே இல்லை.

"தமிழே தெரியாதவுகளுக்கு எங்க வள்ளத்த எதுக்குளா காட்டுன?"

கட்டிலில் இருந்தவரும் பட்டன் மாட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா எழுந்து, மடியில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டு, செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். நாலாம் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளேயிருந்து அவள் வெளியே வந்ததும், அக்கா என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றாள். நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. அந்த ஊர் பேர் தெரியாதவர்களிலிருந்து ஆரம்பிக்காமல், பாராட்டுக்காக அந்தப் பக்கத்தை உலகத்துக்குக் காட்டிய என்னிலிருந்து ஆரம்பித்தேன்.