தவிலுக்குப் பின்னால் ஒரு பந்தயக் கார்

போன ஆவணி மாதம் பாளையங்கோட்டையில் நடந்தது இது. கல்யாணங்களுக்குக் கார் அலங்கரித்து வாடகைக்கு விடுவது என் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் நான். என்னிடம் இருக்கும் வண்டிகளில் ஒன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேல்கூரையை மடக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கோ பறந்திருக்க வேண்டிய வண்டி. என்னிடம் வந்தபிறகு அதற்கு ஒரே வேலை, மாப்பிள்ளை அழைப்பு. மடக்கிய கூரைமேல் மெத்தை போட்டு மாப்பிள்ளையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரமாக உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போக, கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும் நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவன். 'மத்தவங்க போறதுக்குக் கார் வாங்குவாங்க, நீங்க பயப்படுததுக்குன்னே வாங்கியிருக்கீங்க' என்பாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் தப்பில்லை. மாப்பிள்ளை மேலேயிருந்து சரிந்து விழுவது போல எத்தனையோ தடவை கனவு கண்டிருக்கிறேன்.

முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்த மெக்கானிக், முன்சக்கர பிரேக் பேடுகள் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆக வேண்டும் என்றார். மேலப்பாளையத்துக்காரர், பல வருஷப் பழக்கம். இந்த வண்டிக்கு இங்கே எந்தக் கடையிலும் பேட் கிடைக்காது. வெளியூர்க் கடை ஒன்றின் நம்பரைப் பிடித்து ஃபோன் செய்தேன். கடைக்காரர் மூன்று வகை இருப்பதாகச் சொன்னார். வண்டியோடு வந்தது மாதிரியே சாதாரணமானது ஒன்று. வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவர்கள் போடுவது ஒன்று. நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டார். அது என் காதிலேயே ஏறவில்லை. எது ரொம்ப நன்றாகப் பிடிக்கும் என்றுதான் நான் திருப்பிக் கேட்டேன். மூன்றாவது என்றார். அதையே அனுப்பச் சொல்லிவிட்டேன். பயந்தவன் கடைக்குப் போனால் இருப்பதிலேயே பெரிய பூட்டைத்தானே வாங்குவான்?

பெட்டியைப் பிரித்த மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரேசுல போடுதது வே. நமக்கு எதுக்கு இது?" என்று முனகினார். நல்லதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். மாட்டிக்கொடுத்தார். நாங்குநேரி சாலையில் கொண்டுபோய் வேகமாக ஓட்டி, மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தோம். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பெல்ட் தோளில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். இனி மாப்பிள்ளை விழ மாட்டார் என்ற கணக்கு எனக்கு.

முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அழைப்பு. கிளம்பியதிலிருந்தே பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு இறக்கத்தில் ஊர்வலம் நின்றது. யாரோ ஆரத்தித் தட்டோடு குறுக்கே வந்திருந்தார்கள். நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பாறாங்கல்லை மிதிப்பது போல இருந்ததே தவிர, வண்டி பைய இறங்கிக்கொண்டே போனது. முன்னால் தவில்காரர். என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தன்னை மறந்து வாசித்துக்கொண்டிருக்கிறார். ஹாரன் அடிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தேன். வண்டி ஒரு குலுங்கலோடு நின்றபோது முன் பம்பர் அவருடைய வேட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை என் தலையைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிட்டார். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தவில்காரர் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வாசிப்பில் ஒரு அடிகூடத் தப்பவில்லை. நாலு எட்டு முன்னால் போய், அங்கே நின்று வாசிப்பைத் தொடர்ந்தார். மண்டபம் போய்ச் சேருகிற வரைக்கும் பின்சக்கரங்களைப் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கை விட்டும் பிடித்தும்தான் ஓட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்புறம் கை கழுவுகிற இடத்தில் தவில்காரர் என்னைத் தேடி வந்தார். என் வயதுதான் இருக்கும். திட்டப் போகிறார் என்று நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு வேறு ஒன்று சொன்னார்.

"போன தடவை இந்த வண்டி இப்படிக் கத்தலயே அண்ணாச்சி. இன்னைக்கு நாயனத்துக்கு மேல ஒரு சுருதியில கத்துது. நாயனக்காரரு நான்தான் ஏதோ பண்ணுதேன்னு என்னைய முறைக்காரு."

இருப்பதிலேயே நல்ல பிரேக்காகப் பார்த்துத்தான் போட்டேன், ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுவது என்றேன். அவர் கேட்டார்.

"ரேசுல காருக்கு முன்னால யாரு தவில் அடிக்கா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு மாப்பிள்ளை, மெத்தை, தவில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பேட் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். வேகமாகப் போய்ப் போய் அழுத்தினால்தான் சூடேறும். உங்கள் நடை வேகத்தில் அது கடைசி வரை குளிர்ந்தேதான் கிடக்கும், கத்தும், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கையும் அரிக்கும் என்றார். உங்களுக்கு முதலில் சொன்ன சாதாரணப் பேட்தான் சரி என்றார்.

அது வந்தது. மெக்கானிக் மாட்டி, பக்குவமாக ஓட்டிப் பதப்படுத்தியும் கொடுத்தார். ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ரேஸ் பேட் பிடிக்காததை இந்தச் சாதாரணம் பிடித்துவிடுமா? அடுத்த அழைப்பும் அதே மேளக்காரர்கள்தான். கல்யாண வீட்டில் வேறு கார் அனுப்புவதாகச் சொல்லிவிடலாம், இந்த வண்டியை விற்றே விடலாம் என்று தீர்மானித்து, தகவலுக்காகத் தவில்காரரிடமும் சொன்னேன். அவர் விடிந்ததும் அந்த இறக்கத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

கைலியும் பனியனுமாக பைக்கில் வந்து இறங்கினார். காருக்கு முன்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஓரமாக நில்லுங்கள், ஒரு சாக்கு மூட்டையை முன்னால் போட்டுப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன்.

"நாளைக்கு சாக்கு மூட்டையா வாசிக்கப் போவுது? நான் பைய நடக்கேன். நீங்க பின்னால வாங்க."

நடக்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் உருட்டினேன். தொடையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே போனவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றார். நான் காலை வைத்தேன். வண்டி நின்றது, ஒரு சத்தமும் இல்லை. மறுபடி நடந்தார், மறுபடி நின்றார். இறக்கத்தில் பாதி வந்தபிறகுதான் கவனித்தேன், மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறார். ஹேண்ட் பிரேக்கில் வைத்திருந்த கையை நானும் எப்போதோ எடுத்திருந்தேன்.

இறக்கத்தின் அடியில் போய் டீ குடித்தோம். எப்படி இவ்வளவு தைரியமாக நடந்தீர்கள் என்று கேட்டேன். டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"திரும்பித் திரும்பிப் பாத்தா தாளம் போயிரும் அண்ணாச்சி. வண்டியைப் பாக்கது உங்க வேலை. அதை நீங்க பாக்கீங்க."

மறுநாள் அழைப்பு அழகாக நடந்தது. அதற்கப்புறமும் எத்தனையோ நடந்துவிட்டன. என் பயம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது, கிளம்புவதற்கு முன்னால் இன்றும் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கிறேன். ஆனால் மேளம் தொடங்கி, முன்னால் ஒரு மனிதர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம், இதைவிடப் பெரிய மரியாதையை இந்த ஊரில் யாரும் எனக்குச் செய்துவிட முடியாது என்று தோன்றுகிறது.